சூடத்தில் படாத கை

எங்கள் ஊரில் வாயை மோந்து பார்த்துக் குடிகாரனைப் பிடிக்க முடியாது. கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் போளூரில் வீட்டுக்கு வீடு பரண் நிறையப் பூண்டு தொங்கும், அடுப்புப் புகையில் காய்ந்த மலைப்பூண்டு. குடித்துவிட்டு வருகிறவன் வாசலில் கால் வைக்கும் முன் இரண்டு பல்லை மென்றுவிட்டால் போதும், எந்தப் பெண்டாட்டியாலும் எதையும் நிரூபிக்க முடியாது. நானும் ஒரு காலத்தில் அப்படி மென்றவன்தான். அதனால் குடியை விட்ட பிறகும் என் மனைவி என் வாயை நம்பவில்லை. கண்ணைப் பார்ப்பாள், நடையைப் பார்ப்பாள், செருப்பைக் கழற்றும்போது கை சுவரைத் தேடுகிறதா என்று பார்ப்பாள்.

குடியை விட்டது பழனியில். மொட்டை போட்டு, அடிவாரத்தில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை வலது கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. சூடம் அடித்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் சொன்னாள்.

"இனி ஒரு தடவ குடிச்சீங்கன்னா நான் ஆயக்குடிக்குப் போயிருவேங்க. அழ மாட்டேன், சண்டை போட மாட்டேன். ஆனா போனா திரும்ப வர மாட்டேன்."

ஆயக்குடி அவள் பிறந்த ஊர். கொய்யாத் தோப்பும் அண்ணனும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. நானும் சொன்ன வார்த்தையில் நின்றேன். பூண்டு போட்டேன், பீன்ஸ் போட்டேன், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கி விளைந்ததை நானே ஓட்டிக்கொண்டு போய் வடுகபட்டிச் சந்தையில் இறக்கினேன். ஊரில் என்னைப் பார்த்து மற்ற ஆண்களுக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

முதலில் பிசகியது டீ டம்ளர். எடுக்கப் போன வலது கை டம்ளரைத் தாண்டிப் போய் அதைத் தட்டிவிட்டது. கவனமில்லை என்று நினைத்தேன். பிறகு பூண்டுக் கட்டு. காய்ந்த இலைத் தாளோடு சேர்த்துப் பின்னி முடிச்சுப் போடுவது சிறு வயதிலிருந்து பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். இப்போது விரல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் வேலை செய்தன, நான் கட்டிய கட்டுகள் பரணிலிருந்து அவிழ்ந்து விழுந்தன. நிலைப்படியில் வலது தோள் இடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் காலைகள். எழுந்ததும் பின்மண்டையில் ஒரு கனத்த வலி. வீட்டுக்குப் பின்னால் ஓடிப் போய் வாந்தி எடுப்பேன். எடுத்து முடித்துக் கொஞ்ச நேரம் நின்றால் வலி குறைந்து, ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடும். குடிகாரனின் காலைப் பொழுதைப் படம் வரைந்து பாகம் குறி என்று பரீட்சையில் கேட்டால் இதைத்தான் வரைய வேண்டும்.

ஒரு நாள் வெள்ளனே நான் குனிந்து வாந்தி எடுக்கும்போது அவள் பின்கதவில் செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தச் செம்பு எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு துப்பறியும் ஆட்கள் குடியிருந்தார்கள். அவள் நான் இல்லாதபோது பிக்கப்பின் சீட்டுக்கு அடியில் பார்த்தாள், உர மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தாள், பரண் மேல் ஏறிப் பூண்டுக் கட்டுகளை விலக்கிப் பார்த்தாள். கட்டுகள் இடம் மாறியிருப்பதை வைத்து நான் கண்டுபிடித்தேன். நான் அவளைக் கவனித்தேன். போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ப் பேசினாள். நான் வந்தால் பேச்சு மாறியது. கேட்டால், "அண்ணந்தான், சும்மா" என்பாள். அவள் அண்ணன் சும்மா போன் பேசுகிற ஆள் இல்லை.

நான் சந்தேகப்பட்டவர்களை எண்ணினால் பாதி ஊர் வரும். டீக்கடைக்காரர் எதையோ கலக்கிக் கொடுக்கிறார் என்று நினைத்து அவர் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினேன். வரப்புத் தகராறில் இருந்த பங்காளி ஏதாவது வைத்துவிட்டானோ என்று வாசலையும் தோட்டத்து மூலையையும் கிளறிப் பார்த்தேன். பூச்சி மருந்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சந்தேகம் என்னிடமே வந்து நின்றது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் முந்தின நாள் நடந்தது எதுவும் நினைவில்லாமல் எழுந்த காலைகள் உண்டு. சண்டை போட்டதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படியானால் இப்போதும் நானே எங்காவது போய்க் குடித்துவிட்டு மறந்துவிடுகிறேனா? ஒரு காலை வாந்தி எடுத்துவிட்டு என் சட்டையை நானே மோந்து பார்த்தேன். அது போன்ற கேவலம் மனிதனுக்கு வரக்கூடாது.

அடுத்தது மலைப்பாதையில் செண்பகனூர். பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்கியவனை ரோட்டோரம் நின்ற போலீஸ்காரர் நிறுத்தினார். வண்டி வளைவில் வலது பக்கம் ஏறி வந்ததாம். வாயில் குழாயை வைத்து ஊதச் சொன்னார். மெஷின் சுத்தம் என்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இறங்கச் சொன்னார். இறங்கியவன் வலது பக்கம் சாய்ந்து வண்டிக் கதவைப் பிடித்தேன்.

"அந்த வெள்ளைக் கோட்டு மேல நடங்க" என்றார்.

கோடு நேராக இருந்தது. நான் நடந்த வழி ரோட்டை விட்டு ஓடைப் பக்கம் போனது. அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"சரக்கு இல்ல. அப்ப காளானா? இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா காளான்?"

கொடைக்கானல் பக்கம் போதைக் காளான் தேடி வரும் வெளியூர்ப் பையன்களைப் பிடிப்பது அவர்களுக்குப் பழக்கம். பூண்டு மூட்டையோடு வந்த ஐம்பது வயது ஆளை அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார், வேறு ஆள் வந்து வண்டியை எடுக்கட்டும் என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது சந்தையில் வாங்கி வைத்திருந்த நல்ல காளான் பாக்கெட் குப்பையில் கிடந்தது.

"ஏங்க, குடிய விட்டுட்டுக் காளானா?"

"அந்த ஆளு சொன்னா நம்பிருவியா? மெஷின் சுத்தம்னு சொல்லுச்சு."

"மெஷினுக்கு என்ன தெரியும்? உங்க நாக்கே கொழறுது. காதுல விழலையா உங்களுக்கு?"

எனக்கு விழவில்லை. என் பேச்சு எனக்கு நன்றாகத்தான் கேட்டது.

மறுநாள் மச்சான் வந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன், ஆயக்குடியில் கொய்யா வியாபாரம். ஒரு கூடை கொய்யாவை இறக்கி வைத்துவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை என்றால் விஷயம் பெரிசு.

"மாப்ள, நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம். கோயிலுக்கு வாங்க, சூடம் அடிங்க. அடிச்சுட்டீங்கன்னா இந்தப் பேச்சையே விட்டுருவோம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். இத்தனை நாளும் யாரிடம் எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல் கிடந்தவனுக்கு வழி கிடைத்துவிட்டது. சட்டை மாற்றிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், ஊர் முருகன் கோயிலுக்கு நானே முன்னால் நடந்தேன். வழியில் இரண்டு முறை வேலியைப் பிடித்துக்கொண்டேன். தோட்ட வேலையிலிருந்த ஜனங்கள் கையில் ஒட்டிய மண்ணோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். பங்காளியும் வந்திருந்தான், நான் பார்த்தேன்.

கோயில் முன்னால் இருந்த கல்லில் சூடத்தை வைத்து ஏற்றினார்கள். "நான் குடிக்கவில்லை, எந்தப் போதையும் தொடவில்லை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையை ஓங்கி அடித்தேன். உள்ளங்கை கல்லில் பட்டு எரிந்தது. சூடம் என் கைக்குப் பக்கத்தில் நின்று எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி கையைக் கொண்டு போனேன், இந்த முறை மெதுவாக. சூடத்தை நெருங்க நெருங்கக் கை நடுங்கியது. தூரத்தில் சும்மா இருந்த கை, கிட்டப் போகும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறியது. அப்படியும் அழுத்தினேன். மறுபடியும் கல்தான். மூன்றாவது தடவை கையைத் தூக்கும் முன் சூடம் தானாக எரிந்து முடிந்துவிட்டது.

"சாமி ஒத்துக்கிடல" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். குரலில் கேலி இல்லை, பயம் இருந்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். என் கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முருகன் என் கையைத் தடுக்கிறான் என்றால் நான் எங்கேயோ குடித்திருக்கத்தான் வேண்டும். அந்த நிமிஷம் நானும் அதைத்தான் நம்பினேன்.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னபடியே அழவில்லை, சண்டை போடவில்லை. மச்சான்தான் வாசலில் நின்று யோசித்துச் சொன்னார்.

"மதுரைக்குப் போயி ரத்தத்த டெஸ்ட் பண்ணிருவோம். எந்த போதைன்னு எழுதி வாங்கிருவோம். நாளைக்கு நாங்க இல்லாததைச் சொல்லிப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

அப்படித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் குணப்படுத்த யாரும் கூட்டிப் போகவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கக் கூட்டிப் போனார்கள். மச்சானுடைய காரில் முன்சீட்டில் நான், பின்சீட்டில் அவளும் அந்தப் பையும். மதுரையிலிருந்து அப்படியே ஆயக்குடிக்குப் போவதாகப் பேச்சு. மலை இறங்குகிற வளைவுகளில் நான் மூன்று இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. இத்தனை நாளில் என் வாயை மோந்து பார்க்காமல் என்னோடு பேசிய முதல் ஆள் அவர்தான், அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. என் விரலால் என் மூக்கைத் தொட்டுவிட்டு, பிறகு அவர் நீட்டிய விரலைத் தொடச் சொன்னார். இடது கை தொட்டது, வலது கை காற்றில் குத்தியது. உள்ளங்கையைத் தொடை மேல் வேகமாகத் திருப்பித் திருப்பி வைக்கச் சொன்னார். குதிகாலையும் கட்டை விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். தலையை அசைக்காமல் அவர் பேனாவைக் கண்ணால் பின்தொடரச் சொல்லி, என் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய முகம் மாறியது.

"ரத்தம் எடுத்து என்ன போதைன்னு சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் என் மனைவி.

"ரத்தம் எடுக்கலாம்மா. அதுக்கு முன்னாடி தலைய ஸ்கேன் பண்ணிரலாம். இன்னைக்கே."

மூன்று பேரும் மூன்று விதமாகச் சந்தேகப்பட்டோம். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் டாக்டருக்கு அதில் ஏதாவது பங்கு இருக்கும் என்று நான் நினைத்தேன். அவள் கண்ணில் படாமல் நான் டாக்டரம்மாவுக்கு ஏதோ ஜாடை காட்டிவிட்டேன் என்று மச்சான் நினைத்தார், பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். தலைக்கு ஸ்கேன் என்றதும் எனக்குப் பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்க வைக்கப் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். ஆனாலும் எடுத்தோம், ரத்தமும் கொடுத்தோம். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்வது மாதிரிச் சத்தம் போடுகிற குழாய்க்குள் படுத்து, முருகா என் குடியை இந்த மெஷினிடமாவது சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு தூரம் குழம்பிக் கிடந்தேன்.

சாயங்காலம் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த மூளை ஒன்று இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டலாம்.

"மேல பெருசா மடிப்பு மடிப்பா இருக்கே, இது பெருமூளை. யோசிக்கிறது, பேச்சப் புரிஞ்சுக்கிறது, பாக்குறது, கேக்குறது எல்லாம் இதுல நடக்குது. கைய நீட்டணும்னு முடிவு பண்றதும் இதுதான். ஆனா எவ்வளவு தூரம் நீட்டணும், எங்க நிறுத்தணும்னு அளவு பாத்துக் குடுக்கிறது இது." பின்பக்கம் கீழே இருந்த சின்ன உருண்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது சிறுமூளை. நடக்கும்போது சாயாம இருக்கிறது, நாக்கு கொழறாம இருக்கிறது, முடிச்சுப் போடுறது, எல்லாத்துக்கும் இது வேணும். இவருக்கு இதுல வலது பக்கம் ஒரு கட்டி இருக்கு."

மச்சான் முன்னால் நகர்ந்தார். ஆளைப் பிடித்துவிட்ட முகம்.

"ஒரு நிமிஷம்ங்க. எங்க சித்தப்பாவுக்கு வாதம் வந்தப்ப வலது கை விழுந்துச்சு. இடது பக்க மூளையில அடைப்புன்னு சொன்னாங்க. இவருக்கும் வலது கைதான் போகுது. நீங்க வலது பக்கம்ங்கிறீங்க."

"நல்லாக் கேட்டீங்க. பெருமூளை அப்படித்தான், எதிர்ப்பக்கத்தப் பாத்துக்கும். சிறுமூளை அப்படி இல்ல, அதே பக்கத்தப் பாத்துக்கும். அதனாலதான் எல்லாம் வலது பக்கமே சாயுது. இந்தக் கட்டி மூளைக்குள்ள ஊறுற நீர் இறங்குற வழியையும் அமுக்குது. படுத்து எந்திரிச்சதும் தலைவலி, வாந்தி அதனாலதான்."

"ஆனா பாக்குறதுக்கு அப்படியே குடிச்ச மாதிரி..." என்று இழுத்தாள் என் மனைவி.

"சாராயம் உள்ள போனா அதுவும் இந்த இடத்தத்தான் மயக்கும். அதான் குடிச்சவங்க தள்ளாடுறாங்க. பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

மச்சான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். என் மனைவி அந்தப் பிளாஸ்டிக் மூளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"டாக்டரம்மா, சத்தியம் பண்ணுனா அது இதுல எங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பெருமூளையைப் பக்கவாட்டில் திறந்து உள்ளே வளைந்து கிடந்த ஒரு துண்டைக் காட்டினார்.

"இது ஹிப்போகேம்பஸ். நடந்தது நமக்கு மனசுல பதியிறதுக்கு இதுதான் வேணும். பதிஞ்சத மதிச்சு, ஆசை வந்தாலும் வேணாம்னு நிறுத்துறதுக்கு இந்த நெத்திப் பக்கம்."

"அந்த ரெண்டு எடமும் இவருக்கு எப்படி இருக்கு?"

"ரெண்டும் நல்லா இருக்கும்மா. ஒரு கோளாறும் இல்ல."

"இவரே குடிச்சிட்டு இவருக்கே மறந்து போயிருக்காதே?"

அந்தக் கேள்வியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் அதே எண்ணம் வந்திருக்கிறது.

"ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "இவரு குடிக்கல. ஆனா நான் சொல்றத நீங்க கவனிச்சுக் கேக்கணும். இந்தத் தண்டு இருக்கு பாருங்க, மூளைத்தண்டு. மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் இதுலதான் ஓடுது. கட்டி அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. சீக்கிரமே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். பெரிய ஆபரேஷன். ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல முடியாது."

என் மனைவி எழுந்து நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேன் படமாகத் தெரிந்த என் மண்டையையும் அதன் அடியில் இருந்த வெள்ளைப் புள்ளியையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் சிரித்தது. என்னைப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையைத் திறக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

நாங்கள் விஷயத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று டாக்டரம்மா பயந்துவிட்டார். மூளையில் கட்டி, உயிருக்கு ஆபத்து என்று இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"புரியுதுங்க டாக்டரம்மா, நல்லாப் புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. ஆயக்குடிக்கு லைன் கிடைத்ததும் அவள் குரல் அந்த வராந்தா முழுக்கக் கேட்டது.

"அம்மா, நான் வரலம்மா. அவரு குடிக்கல. ஆமாம்மா, குடிக்கவே இல்ல! மூளையிலதாம்மா கட்டி!"